ஒரே ஓட்டில் ஜெயித்த கவுன்சிலர்: சர்தார் படேல் முதன்முதலில் தேர்தலில் நின்ற கதை

கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன் என்று ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் சொன்னால் என்ன ஆகும்? அம்மா அழுவார். அப்பா பேச மாட்டார். நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மீம் போடுவார்கள். எம்.பி., எம்.எல்.ஏ. என்றால்கூட ஒரு மரியாதை இருக்கிறது; சாக்கடை, குப்பை, தெருவிளக்கு என்று அலைகிற வேலைக்கு நன்றாகச் சம்பாதிக்கிற ஆள் எதற்குப் போக வேண்டும்?

1917இல் அகமதாபாத்தில் இதே கேள்வி ஒரு பாரிஸ்டர் முன்னால் வந்து நின்றது. வயது 41. கிரிமினல் வழக்குகளில் ஊரிலேயே பெரிய பெயர். கையில் நல்ல காசு, உடம்பில் லண்டன் கோட்டு சூட்டு, சாயங்காலமானால் கிளப்பில் சீட்டாட்டம். அரசியல் பேசுகிறவர்களைக் கண்டால் நக்கல். அந்த மனிதர் ஒரு வார்டு இடைத்தேர்தலில் நின்றார், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு அந்த வெற்றியும் செல்லாமல் போனது.

அவர் பெயர் வல்லபாய் படேல். இன்று நர்மதை நதிக்கரையில் 182 மீட்டர் உயரச் சிலையாக நிற்பவர். சமஸ்தானங்களை இணைத்தவர், இரும்பு மனிதர் என்றெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அவருடைய பொதுவாழ்க்கை தொடங்கிய இடம் சாக்கடையும் பிளேக்கும் குழாய்த் தண்ணீரும்தான். சிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை அதிகம் தொடுவதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தாமதமாக ஓடத் தொடங்கிய ஆள்

படேலின் ஆரம்ப வாழ்க்கை எதிலும் வேகமில்லை. பிறந்தது நடியாத்தில், தாய்மாமன் வீட்டில். சொந்த ஊர் அன்றைய கேடா மாவட்டத்தில் இருந்த கரம்சத். அப்பா ஜவேர்பாய் விவசாயி. 1875 அக்டோபர் 31 என்பது அவருடைய பிறந்த தேதியாக இன்று நாடு முழுக்கக் கொண்டாடப்படுகிறது. மெட்ரிகுலேஷன் விண்ணப்பத்தில் அவராகவே எழுதிய தேதி அது. அந்த மெட்ரிகுலேஷனைத் தாண்டும்போதே வயது 22 ஆகிவிட்டது. காலேஜ் போக வீட்டில் வசதி இல்லை. கடன் வாங்கிய சட்டப் புத்தகங்களைப் படித்து, மாவட்ட வக்கீல் தேர்வு எழுதி, 1900இல் கோத்ராவில் தொழில் ஆரம்பித்தார்.

கோத்ராவில் நடந்த ஒரு சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஊரில் பிளேக் பரவியது. நண்பர் ஒருவர் விழுந்தார், படேல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். கடைசியில் அவருக்கே பிளேக் தொற்றியது. உடனே மனைவி ஜவேர்பாவைப் பாதுகாப்பாக அனுப்பிவிட்டு, நடியாத்துக்குப் போய்த் தனியாக ஒதுங்கிக் கிடந்தார். பாழடைந்த ஒரு கோவிலில் தங்கினார் என்றும் சொல்வார்கள். ஆன்டிபயாட்டிக் எல்லாம் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பு. மெதுவாகத்தான் தேறினார்.

பிறகு போர்சத்துக்கு இடம் மாறி, கிரிமினல் வழக்குகளில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். பாரிஸ்டர் படிக்க இங்கிலாந்து போவதற்குக் காசு சேர்த்தார். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் வி.ஜே. படேல் என்ற பெயருக்கு வந்தன. அண்ணன் விட்டல்பாய்க்கும் அதே இனிஷியல்! மூத்தவன் நான் இருக்கும்போது நீ முதலில் போவது சரியா என்று அண்ணன் கேட்க, தம்பி விட்டுக்கொடுத்தார். 1905இல் அண்ணன் கப்பலேறினார், செலவையும் தம்பியே பார்த்துக்கொண்டார். நம்ம வீடுகளிலும் இப்படி ஒரு தம்பி இருப்பார்.

1909இல் ஜவேர்பா பம்பாயில் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். தந்தி வந்தபோது படேல் கோர்ட்டில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். படித்தார், மடித்துப் பையில் வைத்தார், விசாரணையை முடித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொன்னார். இதைப் பெரிய மனவலிமை என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அந்த மனிதர் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்கிற ஆள் என்பது மட்டும் தெரிகிறது. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகள் மணிபென்னும் மகன் டாயாபாயும் சின்னப் பிள்ளைகள்.

1910இல் அவரும் லண்டன் போனார். 36 மாதப் படிப்பை 30 மாதத்தில் முடித்து, 1913 பிப்ரவரியில் திரும்பி, அகமதாபாத்தில் பத்ரா பகுதியில் வீடு எடுத்தார்.

அரசியலா, ஆளை விடுங்க!

அகமதாபாத் அப்போது இரண்டு லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் இருந்த மில் நகரம். சபர்மதிக் கரையில் கோட்டைச் சுவர், அதில் வரிசையாக வாசல்கள், உள்ளே போள் என்று அழைக்கப்படும் குறுகலான சந்துகள். ஒவ்வொரு போளுக்கும் ஒரு கதவு. உள்ளே ஒட்டி ஒட்டி வீடுகள். சுவருக்கு வெளியே மில் புகைபோக்கிகள்.

அந்த ஊரின் பெரிய மனிதர்கள் கூடும் இடம் குஜராத் கிளப். படேலின் மாலைப் பொழுது அங்கே பிரிட்ஜ் ஆட்டத்தில் போனது. சட்டை காலருக்குச் சரியாகக் கஞ்சி போட உள்ளூரில் நல்ல சலவைக்காரர் கிடைக்கவில்லை என்று பம்பாய்க்கு அனுப்பி வெளுத்து வாங்கினார் என்றால் பாருங்களேன், எப்பேர்ப்பட்ட ஸ்டைல் ஆசாமி என்று.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காந்தி 1915இல் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியிருந்தார். ஒருநாள் கிளப்புக்குப் பேச வந்தார். படேல் சீட்டை விட்டு எழவில்லை. பக்கத்தில் இருந்த இளம் வக்கீல் மாவ்லங்கர் எழுந்து போகப் பார்த்தபோது அவரையும் கிண்டல் செய்தார். (அந்த மாவ்லங்கர்தான் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவை சபாநாயகர்.)

இதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கணக்கும் இருந்தது. அண்ணன் விட்டல்பாய் பம்பாய் சட்டசபையில் இருந்தார். அண்ணன் பொதுவாழ்க்கையைப் பார்க்கட்டும், தம்பி சம்பாதித்து இரண்டு குடும்பத்தையும் பார்க்கட்டும் என்பது இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. ஆக, படேல் அரசியலுக்கு வராததற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் வருமானம் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஏன் நின்றார்?

இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். போர் அடிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1882இல் வைஸ்ராய் ரிப்பன் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகுதான் இந்திய ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சிகள் பரவலாக வந்தன. ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. சொத்து இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். அதனால் ஒரு வார்டில் ஓட்டுப் போடுகிறவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள்.

அகமதாபாத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அங்கே முதல் பஞ்சாலையைத் தொடங்கிய ரண்சோட்லால் சோட்டாலால் 1885இல் நகராட்சித் தலைவர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் கொண்டுவருவதற்காக ஊரோடு சண்டை போட்டார். குழாய்த் தண்ணீர் குடித்தால் ஆச்சாரம் கெடும், வரி ஏறும் என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் 1891இல் தண்ணீர் வந்தது. சாக்கடை வேலை மட்டும் பகுதி பகுதியாக இழுத்துக்கொண்டே போனது.

அதன்பிறகு 1914இல் சட்டத்தை மாற்றினார்கள். பெரிய நகராட்சிகளுக்கு அரசாங்கமே ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரை நகராட்சி கமிஷனராகப் போடலாம். நிர்வாக அதிகாரம் அவர் கையில். கவுன்சிலர்கள் தீர்மானம் போடலாம், பட்ஜெட் பார்க்கலாம். ஆனால் நடைமுறைப்படுத்துவது கமிஷனர். ஓட்டு வாங்கி வந்தவருக்கும் ஆர்டர் வாங்கி வந்தவருக்கும் யார் பெரியவர் என்ற கேள்வி. இன்றைக்கும் எந்த மாநகராட்சிக்குப் போனாலும் மேயருக்கும் கமிஷனருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிற அதே கேள்விதான்.

அகமதாபாத்துக்கு வந்த கமிஷனர் ஷில்லிடி. நகராட்சித் தீர்மானங்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. கவுன்சிலர்களோ அவரை எதிர்த்துப் பேசத் தயங்கினார்கள். கிளப்பில் இது தினசரிப் புலம்பல் ஆனது. சட்டம் தெரிந்த, வெள்ளைக்கார அதிகாரி முன்னால் குரல் நடுங்காத ஒரு ஆள் உள்ளே போனால்தான் சரிப்படும் என்று நண்பர்களுக்குத் தோன்றியது. ஜில்லா கோர்ட்டில் நீதிபதிகளிடமே காரமாக வாதாடிப் பழகிய படேலைப் பிடித்தார்கள். தரியாபூர் வார்டில் ஒரு இடம் காலியாக இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இது 1917 ஜனவரி. காந்தி சம்பாரணுக்குப் போவதற்கு முன்பு. படேல் இன்னும் காந்தியின் ஆள் ஆகவில்லை. அவர் தேர்தலில் நின்றது சுயராஜ்யம், சத்தியாகிரகம் என்ற எந்தப் பெரிய இலட்சியத்துக்காகவும் அல்ல. ஊர் நிர்வாகத்தில் ஒரு அதிகாரி தன்னிஷ்டத்துக்கு நடக்கிறார், அவரைக் கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் மேட்டர்.

அந்த ஒரு ஓட்டு

முடிவு வந்தபோது வித்தியாசம் ஒன்று. ஒரே ஒரு ஓட்டு. மழை பெய்து யாரோ ஒரு வாக்காளர் வீட்டிலேயே படுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. முடிவை எதிர்த்து வழக்கு வந்தது. தேர்தல் செல்லாது என்று ஆனது. ஊரிலேயே பெரிய வக்கீல், சொந்தத் தேர்தலில் இப்படி ஆனால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளப்பில் நாலு பேர் வாய்க்கு அவல் கிடைத்திருக்கும். சரி, நமக்கு இது ஒத்துவராது என்று சீட்டு மேஜைக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. மே மாதம் மறுபடி நின்றார். இந்தமுறை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

இணையத்தில் தேடினால் 1917இல் படேல் சுகாதார ஆணையர் பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார் என்று பல இடங்களில் இருக்கும். அது சரியில்லை. அவர் ஜெயித்தது கவுன்சிலர் பதவிக்கு. உள்ளே போன பிறகு நகராட்சியின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவர் ஆனார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அந்தக் குழு, சாக்கடையும் கழிவும் தொற்றுநோயும் வந்து சேருகிற மேஜை.

முதல் சண்டை ஷில்லிடியோடு. படேல் மேடைப் பேச்சாளர் கிடையாது. கோர்ட்டில் செய்வதையே இங்கேயும் செய்தார். ஃபைல்களைப் பார்த்தார், தேதிகளைச் சேர்த்தார், நகராட்சி என்ன தீர்மானம் போட்டது, கமிஷனர் என்ன செய்தார் என்று அடுக்கினார். ஒரு கிரிமினல் வக்கீலிடம் மாட்டிய சாட்சியின் நிலைமை ஐ.சி.எஸ். அதிகாரிக்கு. நகராட்சி அவருக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. சில மாதங்களில் ஷில்லிடி ஊரை விட்டு மாற்றப்பட்டார். முதல்முறை கவுன்சிலர், வந்த வருடமே!

பிளேக் திரும்பி வந்தது

1917 கடைசியில் அகமதாபாத்தில் பிளேக். பள்ளிக்கூடங்கள் மூடின, கோர்ட் மூடியது. வசதி உள்ளவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். அந்தக் காலத்தில் அது ஒன்றும் வெட்கக்கேடு இல்லை. பிளேக் வந்தால் ஊரை விட்டு வெளியேறுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். கொரோனா முதல் அலையில் எந்தெந்த வீடுகளின் முன்னால் கார்கள் கிளம்பின என்று நமக்கும் ஞாபகம் இருக்கிறது.

படேல் போகவில்லை. போக வேண்டும் என்று நண்பர்கள் கெஞ்சியும் போகவில்லை. பிளேக் என்றால் என்ன என்று அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. கோத்ராவில் உடம்பே அனுபவித்திருந்தது. பத்ரா வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் போள் போளாக நடந்தார். சாக்கடை சுத்தம் செய்தார்களா, மருந்து தெளித்தார்களா என்று நின்று பார்த்தார். சுகாதாரக் குழுத் தலைவர் ஊரில் இல்லை என்றால் துப்புரவுத் தொழிலாளி மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்பது எளிய கேள்வி. அதற்கு அவர் தெருவில் நின்று பதில் சொன்னார்.

இதற்கு விலையும் இருந்தது. அலைந்ததில் உடம்பு கெட்டது. கோர்ட் திறந்த பிறகும் பிராக்டிஸ் பழைய மாதிரி இல்லை, ஏனென்றால் அதற்குள் வேறு வேலைகள் சேர்ந்துவிட்டன. சம்பாரணில் ஊரை விட்டுப் போகச் சொன்ன உத்தரவைக் காந்தி கோர்ட்டில் நின்று மறுத்த செய்தி குஜராத் கிளப்புக்கு வந்தபோது அங்கே நக்கல் நின்றுபோனது. காந்தி குஜராத் சபாவின் தலைவர் ஆனார். அதன் செயலாளராகப் படேல் வந்தார். 1918 மார்ச்சில் கேடாவில் விளைச்சல் பொய்த்த விவசாயிகளுக்காக வரிகொடா இயக்கம். முழுநேரமும் வந்து வேலை பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று காந்தி கேட்டபோது கை தூக்கியவர் பம்பாயில் காலர் வெளுத்தவர். கோட்டு சூட்டு போனது. அண்ணன் தம்பி ஏற்பாட்டில் இப்போது இருவருமே பொதுவாழ்க்கையில். வருமானத்துக்கு ஆள் இல்லை.

வீட்டுக் கணக்கை இத்தனை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலைவர்களின் வரலாற்றில் தியாகம் என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிற இடம் இது. நிஜத்தில் அது பிள்ளைகளின் படிப்புச் செலவு, வாடகை, வயதான அம்மா. முதல்முறை தேர்தலில் நிற்க யோசிக்கிற எவருக்கும் ராத்திரி தூக்கம் வராமல் செய்கிற விஷயமும் இதுதான். படேலுக்கும் அதற்கு அழகான விடை எதுவும் கிடைக்கவில்லை. ஆடம்பரத்தை வெட்டினார், செலவைச் சுருக்கினார்.

இரண்டு லட்சம் பேர் ஊரும் ஒரு பள்ளிக்கூடச் சண்டையும்

கேடா முடிந்ததும் அவர் நகராட்சியை விட்டுவிடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பெரிய போராட்டத்தில் பெயர் வாங்கிய ஆள், திரும்பி வந்து தண்ணீர்க் குழாய் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்தார். நகராட்சியின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் ஆனார். பெண்கள் நகராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்றிருந்த சட்டப் பிரிவை எடுக்க வேண்டும் என்று வாதாடியதிலும் அவர் பங்கு உண்டு.

1921இல் ஒத்துழையாமை இயக்கம் சூடு பிடித்தபோது நகராட்சிக்குள்ளும் அது வந்தது. நகராட்சி நடத்திய ஆரம்பப் பள்ளிகளுக்கு இனி அரசாங்க மானியம் வேண்டாம், அதனால் அரசாங்கத்தின் கட்டுப்பாடும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கேட்க எளிது. ஆனால் மானியம் இல்லாமல் வாத்தியார்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இன்ஸ்பெக்டரைப் பள்ளிக்குள் விட மாட்டேன் என்றால் அரசாங்கம் சும்மா இருக்குமா? கடிதம் மேல் கடிதம், சட்டப் பிரிவு மேல் சட்டப் பிரிவு என்று இழுபறி நடந்தது. கடைசியில் 1922 பிப்ரவரியில் அரசாங்கம் நகராட்சியையே கலைத்து, தான் நியமித்த குழுவிடம் ஊரைக் கொடுத்தது. படேலும் கூட இருந்தவர்களும் ஜனங்களிடம் நன்கொடை திரட்டித் தனியாகப் பள்ளிகள் நடத்தினார்கள். நகராட்சிப் பணத்தைத் தப்பாகச் செலவு செய்தார்கள் என்று கவுன்சிலர்கள் மேல் அரசாங்கம் போட்ட வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை.

1924இல் மறுபடி தேர்தல். படேல் அணி ஜெயித்தது, அவர் நகராட்சித் தலைவர் ஆனார். அந்தக் காலகட்டத்து இந்தியாவின் நகராட்சிகளை ஒருமுறை பாருங்கள். அலகாபாத்தில் தலைவர் ஜவாஹர்லால் நேரு. பாட்னாவில் ராஜேந்திர பிரசாத். கல்கத்தாவில் மேயர் சித்தரஞ்சன் தாஸ், அவருக்குக் கீழே தலைமை நிர்வாக அதிகாரியாக சுபாஷ் சந்திர போஸ். பம்பாய் மாநகராட்சித் தலைவராக நம்ம விட்டல்பாய். நம்ம ஊர்ப் பக்கம் ராஜாஜி இவர்களுக்கெல்லாம் முன்பே, படேல் கவுன்சிலரான அதே 1917இல், சேலம் நகராட்சித் தலைவர் ஆகிவிட்டார். ஈரோட்டில் பெரியாரும் நகராட்சித் தலைவராக இருந்திருக்கிறார். பின்னாளில் நாட்டின் பிரதமர், ஜனாதிபதி, துணைப் பிரதமர், கவர்னர் ஜெனரல் ஆனவர்கள் எல்லாம் குப்பை லாரி, குடிநீர் வரி பற்றிய ஃபைல்களில் கையெழுத்துப் போட்டவர்கள்.

நேருவுக்கு அந்த வேலையில் சீக்கிரமே சலிப்பு வந்துவிட்டது. படேலுக்கு வரவில்லை. நாலு வருடம் தலைவராக இருந்தார். பாதாளச் சாக்கடை நீண்டது, மின்சாரம் பரவியது, தேசியப் பள்ளிகளில் வேலை பார்த்த வாத்தியார்களுக்கு நியாயம் கேட்டார். இதையெல்லாம் பட்டியல் போட்டால் அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கும், நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். 1927 ஜூலை கடைசியில் குஜராத்தில் பேய் மழை. நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. அகமதாபாத்தில் வீடுகள் இடிந்தன, கேடா மாவட்டத்தில் கிராமங்கள் மூழ்கின, ரயிலும் தந்தியும் அறுந்தன. நகராட்சித் தலைவர் முதலில் செய்தது ஊரில் தண்ணீர் வடிய வழி பார்த்தது. அதன்பிறகு மாவட்டம் முழுக்கத் தொண்டர்களை அனுப்பி உணவு, துணி, மருந்து, விதை என்று ஏற்பாடு செய்தார். உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் ஓய்வில் இருந்த காந்தி வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். பத்து வருடம் முன்னால் ஒரு ஓட்டில் ஜெயித்த கவுன்சிலருக்கு இப்போது ஒரு மாநிலத்தையே நடத்துகிற பழக்கம் வந்திருந்தது. அரசாங்கத்தோடு சண்டை போட்டவரே அரசாங்கத்திடம் போய் நிவாரணப் பணமும் கேட்டு வாங்கினார். இதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

அதிகாரியோடு சண்டை போட்டவர் அதிகாரிகளைக் காப்பாற்றினார்

1928 பிப்ரவரியில் பர்தோலி விவசாயிகள் வரி உயர்வை எதிர்த்துக் கிளம்பினார்கள். தலைமை ஏற்கப் படேலைக் கூப்பிட்டார்கள். அதே நேரத்தில் நகராட்சிக்குள் சொந்த ஆட்களோடு உரசல் வேறு. எல்லாக் கவுன்சிலர்களுக்கும் தலைவரின் கறார் பிடிக்காதுதானே! ஏப்ரலில் நகராட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். பர்தோலி ஜெயித்தது. சர்தார் என்ற பட்டம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. சிறை, 1931இல் கராச்சி காங்கிரஸ் தலைவர், 1947இல் துணைப் பிரதமர், உள்துறை அமைச்சர், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். 1950 டிசம்பர் 15 அன்று பம்பாயில் காலமானார்.

இடையில் ஒரு இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த உத்தரவாதங்களைத் தொடர வேண்டுமா என்று விவாதம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு வேலை பார்த்தவர்களுக்கு எதற்குப் பாதுகாப்பு என்று பல உறுப்பினர்கள் கொதித்தார்கள். அவர்களுக்காக எழுந்து நின்று வாதாடியது படேல். ஷில்லிடியை ஊரை விட்டு அனுப்பிய அதே படேல்! பயப்படாமல் தன் கருத்தைச் சொல்லும் அதிகாரிகள் இல்லாமல் நாட்டை நடத்த முடியாது என்பது அவர் நிலை. இன்றைய ஐ.ஏ.எஸ். அமைப்பு இந்த அளவுக்கு நிற்பதில் அந்த வாதத்துக்குப் பங்கு உண்டு. முரண்பாடு போலத் தெரியும். ஆனால் நகராட்சியில் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்த ஒருவருக்குத் தெரியாதா, அதிகாரியை எங்கே மடக்க வேண்டும், எங்கே அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குழாய்கூட நகராது என்று?

இப்போது நிற்க வேண்டும் என்றால்?

படேல் காலத்து விதிகள் இன்று இல்லை. சொத்து வேண்டியதில்லை. 1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு 21 வயது ஆனவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் 25 வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள்; தமிழ்நாட்டில் அது பாதி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் என்ன என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது: தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. நடுவில் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள். ஷில்லிடி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மேயருக்கும் கமிஷனருக்கும் இடையிலான 1914ஆம் வருடத்துக் கேள்வியும் பல மாநிலங்களில் தீரவில்லை. நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். கமிஷனரிடம்தான் இருக்கிறது.

அகமதாபாத் 1950இல் மாநகராட்சி ஆனது. தானாபீட் பகுதியில் இருக்கும் அதன் தலைமை அலுவலகத்துக்குப் பெயர் சர்தார் படேல் பவன். தரியாபூர் இன்றும் ஒரு வார்டு. இப்போது அங்கிருந்து நான்கு கவுன்சிலர்கள் போகிறார்கள்.